மூக்குக் கிளிப்பும் என் வயிற்றெரிச்சலும்

பொறாமைக்காரனைக் கண்டுபிடிக்க அவன் முகத்தைப் பார்த்தாலே போதும் என்பார்கள். என் விஷயத்தில் அது போதவில்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். சுற்றுகிற காகிதத்தில் முள் கோடு போட்டுக் காட்டியது. ராயபுரத்திலேயே, ஏன், இந்தப் பட்டணத்திலேயே, பொறாமை விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்ட ஒரே புருஷன் நானாகத்தான் இருப்பேன். (பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.)

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோசலியைக் கட்டி இரண்டு வருஷம். எண்ணூர்க்காரி. கல்யாணத்தன்று கோயில் வாசலில் என் கூட்டாளிகள் பத்துப் பேர் சேர்ந்து அவளைக் கிண்டல் செய்ய, ஒற்றை ஆளாக நின்று அத்தனை பேர் வாயையும் அடைத்தவள். அவள் சிரித்தால் அடுத்த தெருவில் ஜன்னல் திறக்கும்.

அப்படிப்பட்டவள் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிப் போனாள். முகம் ஊதியது. குரல் கரகரத்தது. சாதம் வடிக்கப் போனால் கஞ்சித் தொட்டியருகே உட்கார்ந்தபடியே தூங்கினாள். வயிறு உப்பி, நாலைந்து நாளைக்கு ஒரு தரம்தான் வெளிக்குப் போயிற்று. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சித்திரை மாதம், ராயபுரத்தில், ஹார்பர் நிலக்கரித் தூளும் கடல் புழுக்கமும் ஒன்றாகச் சேர்ந்து அடிக்கிற வெயிலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் குந்தியிருப்பாள்.

"வவுறுதான்" என்றாள் என் அம்மா. விளக்கெண்ணெய், ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம் எல்லாம் உள்ளே போயின. ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு வயிறு உப்பியிருப்பதையும், மாதம் தள்ளித் தள்ளிப் போவதையும் கணக்குப் போட்டு, அம்மாவே முடிவை மாற்றிக்கொண்டாள். "வவுத்துல கொய்ந்த கீதுடா நைனா!" என்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரோசலியின் சிறுநீரை ஒரு தவளைக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அப்போது அதுதான் புதுப் பரிசோதனை. கர்ப்பமென்றால் தவளை காட்டிக் கொடுத்துவிடுமாம். தவளை காட்டிக் கொடுக்கவில்லை.

"தவளைக்கு இன்னாடா தெரியும்? அது புள்ள பெத்துதா?" என்றாள் அம்மா. கொடுத்த சர்க்கரையைத் திருப்பி வாங்கவா முடியும்?

பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரோசலியின் முகத்தையும் தோலையும் கழுத்தையும் பொறுமையாகத் தடவிப் பார்த்தார். "இது வயிற்று வியாதி மாதிரி வேஷம் போடுகிறது. எனக்கென்னவோ தைராய்டு சுரப்பி மேலேதான் சந்தேகம்" என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன்.

"தயிரா? நா அப்பவே சொன்னேனா இல்லியா, ராவுல தயிரு துன்னாதன்னு!" என்று அம்மா அன்றைக்கே வீட்டில் உறை ஊற்றுவதை நிறுத்தினாள்.

அந்தச் சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மிஷின் வந்திருந்தது. உள்ளே பிராணவாயு நிரப்பிய பெரிய தகர உருளை. நோயாளி வெறும் வயிற்றோடு படுத்துக்கொள்ள வேண்டும். மூக்கை ஒரு கிளிப் போட்டு மூடிவிட்டு, வாயில் ரப்பர் குழாயைக் கவ்வக் கொடுப்பார்கள். மூச்சு விடவிட உருளை இறங்கும், பக்கத்தில் ஒரு முள் காகிதத்தில் கோடு போடும். சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பது கணக்கு. சுரப்பி தூங்கினால் குறைவாக எரிக்கும், துள்ளினால் அதிகமாக எரிக்கும். ஒரே ஒரு நிபந்தனை. நோயாளியின் மனசு அமைதியாக இருக்க வேண்டும். பயமோ கோபமோ வந்தால் கணக்குத் தப்பிவிடும்.

அந்த மிஷினை இயக்கியவர் பெயர் தேவராஜ்.

வெள்ளைக் கோட்டு. வகிடு எடுத்துப் படிய வாரிய தலை. தெற்கே நாசரேத்துப் பக்கம் போலிருக்கிறது, பேச்சு எழுதி வைத்துப் படித்த மாதிரி இருக்கும். நான் கிரேன் கிரீஸ் நகத்திலிருந்து போகாமல், முழங்கை கிழிந்த சட்டையோடு நின்றேன். அவரைப் பார்த்ததுமே சட்டைக் கையை மேலே சுருட்டிக் கிழிசலை மறைத்தேன்.

"வாங்க தங்கச்சி, பயப்படாதீங்க" என்றார்.

(தங்கச்சி! இப்படி எடுத்த எடுப்பில் தங்கச்சி என்று கூப்பிடுகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. அண்ணி என்றாலும் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன். பாட்டி என்றால் யோசித்திருப்பேன்.)

என்னை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அறைக்கு இடுப்பு உயரத்துக்கு ஒரு ஆடுகதவு. அதன் மேலே எட்டிப் பார்க்காமல் இருக்க நான் மனிதனா, மரமா? பார்த்தேன். தேவராஜ் குனிந்து ஏதோ மெதுவாகக் கேட்டார். ரோசலி சிரித்தாள்.

பல மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. அதற்காக நான் என்னென்ன செய்திருக்கிறேன்! மல்லிகை வாங்கிப் போயிருக்கிறேன். எங்கள் மேஸ்திரி நடப்பது போல நடந்து காட்டியிருக்கிறேன். கம்பளிக்குள்ளிருந்து "ம்" என்று மட்டும் வரும். யாரோ ஒரு வெள்ளைக் கோட்டு என்னவோ கேட்டதும் மலர்ந்துவிட்டது. அதோடு போகவில்லை. அந்த ஆள் அவள் மேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டு, இரண்டு விரலால் என் பெண்டாட்டியின் மூக்கைப் பிடித்தான்!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"இன்னா சார், மூக்கெல்லாம் புடிக்கிறீங்க?"

"கிளிப் மாட்டுகிறேன். நீங்கள் வெளியே..."

"நா அவ புருசன். கிளிப்ப நா மாட்றேன். குடு."

"யோவ், போய்யா அப்பால" என்றாள் ரோசலி கரகரத்த குரலில்.

நான் போகவில்லை. ஏழெட்டு டன் மூட்டையைக் கப்பலிலிருந்து தூக்கி இறக்குகிறவனுக்கு ஒரு மூக்குக் கிளிப் எம்மாத்திரம்? மாட்டினேன். தேவராஜ் அதைச் சரிசெய்யக் கை நீட்டினார். நான் குறுக்கே நின்று முறைத்தேன். வெளியே இன்னும் ஆறு நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர் பெருமூச்சு விட்டு மிஷினை ஓட்டினார். ரோசலி குழாயைக் கவ்வியபடி கண்ணாலேயே என்னை எரித்தாள். கிளிப் ஒரு பக்கம் வாயைப் பிளந்து நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு 'புஸ்' என்றது.

இப்போது எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். மூக்கு வழியாகக் காற்று ஒழுகினால் உருளை சீக்கிரம் இறங்கும். கோபம் வந்தால் உடம்பு கூடுதலாக எரிக்கும். இரண்டும் சேர்ந்து, குறைவாக வரவேண்டிய கணக்கைச் சரியான அளவுக்கு ஏற்றிவிட்டன.

டாக்டர் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சரியாகத்தான் இருக்கிறது. அப்போ தைராய்டு இல்லை. வயிற்றைத்தான் பார்க்க வேண்டும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த மிஷினும் வேண்டாம், அந்தத் தேவராஜும் வேண்டாம்.

ஆனால் வயிற்றுப் பரிசோதனைக்குத் தேதி குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு தேவராஜே எங்கள் வீட்டுக்கு வந்தார். திருவொற்றியூரில் குடியிருக்கிறாராம், சைக்கிளில் போகிற வழியாம். என் அம்மா அவருக்கு ஸ்டூலைப் போட்டுக் காப்பி கொடுத்து, "எவ்ளோ மரியாதப்பட்ட புள்ள!" என்று என்னிடமே சொன்னாள்.

அதற்குப் பிறகு கிரேன் கேபினில் எனக்கு வேலை ஓடவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ராயபுரம் கோயில் கோபுரம் தெரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் எங்கள் தெரு முனை தெரியும். அங்கே ஒரு சைக்கிள் நிற்கிறதா என்று பார்க்க, தொங்குகிற பேரீச்சம்பழ மூட்டைகளோடு கிரேனையே திருப்பினேன். மூட்டைகள் கடலுக்கு மேலே போய் ஊஞ்சலாடின. கீழே கூலிகள் கத்தினார்கள்.

"டேய் சூச!" என்று என் பெயரைக் கூவி மேஸ்திரி துண்டை வீசினார். "கர இந்தப் பக்கம் கீதுடா! மீனுக்கா பேரீச்சம்பயம் எறக்கற?"

வயிற்றுப் பரிசோதனை நாள் வந்தது. ரப்பர் குழாயை வாய் வழியாக விழுங்கி இரைப்பை வரைக்கும் இறக்க வேண்டும். பிறகு கஞ்சியைக் குடிக்கக் கொடுத்து, விட்டு விட்டு உள்ளே ஊறுவதை ஊசிக்குழலால் இழுத்து எடுப்பார்கள். ரோசலி விழுங்க விழுங்க ஓங்கரித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மனிதனாகப் பிறந்த எவனுக்கும் அப்போது நெஞ்சு உருகியிருக்கும். எனக்கும் உருகியது. ஆனால் உருகிய நெஞ்சின் மேலேயே இன்னொரு எண்ணம் மிதந்தது: கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்க அந்தத் தேவராஜைத் தவிர இந்த ஆஸ்பத்திரியில் வேறு ஆளே இல்லையா?

வயிற்றில் அமிலம் குறைவு என்று வந்தது. அமிலத் துளி எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்குப் பல் கூசியதுதான் மிச்சம். உப்பல் அப்படியே இருந்தது. தூக்கம் இன்னும் கூடியது. ஒருநாள் சாயங்காலம் தட்டி எழுப்பினேன். நான் யார் என்று புரியாதவள் போல வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ரோசலியைப் பார்த்துவிட்டு, தற்செயலாக என்னைப் பார்த்தார். தேவராஜ் அப்போது அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"நீ உட்கார். கையை நீட்டு."

நீட்டினேன். நடுங்கியது. நாடியைப் பிடித்தார். புருவம் ஏறியது.

"இளைத்துக்கொண்டே வருகிறாயா?"

"ஆமாங்க."

"தூக்கம்?"

"தூக்கமே கெடியாது டாக்டர்."

"வயிற்றிலே எரிச்சல் ஏதாவது?"

நான் தேவராஜைப் பார்த்தேன். "வயித்தெரிச்சல் நெறையவே கீது டாக்டர்" என்றேன் மனப்பூர்வமாக.

அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. மனைவிக்கு இல்லாத தைராய்டு புருஷனுக்கு இருந்தால் எப்படியிருக்கும்! மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

போய்ப் படுத்தேன். என் மூக்குக்குக் கிளிப் மாட்டியவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்காக, இறுக்கமாக மாட்டினார். வாயில் குழாயைச் செருகினார். இனி நான் திட்டவும் முடியாது, முணுமுணுக்கவும் முடியாது. ஒரு சாண் தூரத்தில் அந்தப் படிய வாரிய தலை குனிந்து, "கண்ணை மூடிக்கோங்க அண்ணே. எதையும் நினைக்காதீங்க. அமைதியான கடலிலே ஓடம் போகிற மாதிரி..." என்றது.

எனக்குள் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது. உருளை திடுதிடுவென்று இறங்கியது.

"இவ்வளவு அதிகமா!" என்றார் டாக்டர் காகிதத்தைப் பார்த்து. "வார்டிலே சேர்ந்துவிடு. இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கழுத்திலே ஆபரேஷன் செய்துவிடலாம்."

அம்மா கோயிலுக்கு ஓடினாள். என் கூட்டாளிகள் வந்து என் கழுத்தையே பார்த்துவிட்டுத் தங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டு போனார்கள். உடம்பு சரியில்லாத ரோசலி, நடக்க முடியாமல் நடந்து, எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். அவளைக் காட்ட அழைத்துப் போனவன் கட்டிலில் படுத்திருக்கிறேன். நோயாளி எனக்குச் சேவகம் செய்கிறாள்.

வார்டில் ஒரு விசித்திரம் நடந்தது. எனக்குத் தூக்கம் வந்தது. தெரு முனை தெரியாது, சைக்கிள் தெரியாது. தேவராஜ் வேறு லீவு என்றார்கள். குறட்டை விட்டுத் தூங்கினேன். மறுபரிசோதனைக்குப் படுத்தபோது ஒரு வயதான நர்ஸ்தான் கிளிப் மாட்டினாள். டாக்டரே பக்கத்தில் நின்று முள்ளைக் கவனித்தார். கோடு காசிமேட்டுக் காலைக் கடல் மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது.

"ஆச்சரியமா இருக்கே" என்றார். "எல்லாம் சரியா இருக்கே..."

அப்போது ஆடுகதவு திறந்தது. ரோசலி கஞ்சித் தூக்கோடு வந்தாள். இல்லை, தூக்கு அவள் கையில் இல்லை. லீவு முடிந்து வந்த தேவராஜின் கையில் இருந்தது. இன்னொரு கையால் அவளுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முள் துள்ளியது. காகிதத்தின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்து மறுபடி துள்ளியது.

டாக்டர் முள்ளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தேவராஜ், கொஞ்சம் வெளியே போ."

அவர் போனார். கோடு தணிந்தது.

"உள்ளே வா."

வந்தார். முள் எகிறியது.

"அந்தத் தூக்கை அந்தப் பெண் கையிலே கொடு."

கொடுத்தார். விரல் பட்டதோ படவில்லையோ, எனக்குத் தெரியாது. முள்ளோ, பட்டதாகவே முடிவு கட்டிக்கொண்டது.

நர்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். வாயில் குழாயும் மூக்கில் கிளிப்புமாக, மறுத்துப் பேசக்கூட வழியில்லாமல் நான் கிடந்தேன். டாக்டர் தானே குனிந்து கிளிப்பைக் கழற்றினார்.

"உன் கழுத்திலே ஒன்றுமில்லை. எழுந்திரு. இதற்கு ஆபரேஷன் கிடையாது" என்றார். பிறகு சட்டென்று முகம் மாறியது. "உன் மனைவிக்கு இந்த மிஷினிலே பார்த்த அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரோசலி திறந்தாள். அந்தக் கனத்த நாக்கால், ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துச் சொன்னாள். "இந்த மன்சன்தான் டாக்டர் எனுக்குக் கிளிப்பு மாட்னாரு. மூக்கு புஸ்சு புஸ்சுன்னுகினே இருந்துச்சு. எனுக்கு ஒரே கோவம்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன்னையே நொந்துகொண்டது போலத்தான் பேசினார். "இந்த முகமும் தோலும் குரலும் எனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டன. காகிதம் 'இல்லை' என்று சொன்னதும் நான் கண்ணை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பிவிட்டேன். குழாயெல்லாம் விழுங்க வைத்தேனே, அம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மறுபடி பார்க்கிறோம். நீ இந்த ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது."

மறுநாள் வெளியே, கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றேன். உள்ளே என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். குனிவார். மூக்கைப் பிடிப்பார். ஓடம் போகிற கதை சொல்வார். பொறாமை ஒரே நாளில் போய்விடுமா என்ன? அது பாட்டுக்கு இருந்தது. ஆனால் அதோடு ரோசலி என்னை அடையாளம் தெரியாமல் பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தது. 'சாமி, அவ எவ்ளோ வேணாலும் சிரிக்கட்டும். கணக்கு மட்டும் சரியா வரட்டும்' என்று வேண்டிக்கொண்டேன். (உண்மையில், 'கொஞ்சம் சிரிக்கட்டும்' என்றுதான் வேண்டிக்கொண்டேன். சாமியிடம் பொய் எதற்கு?)

கணக்கு சரியாக வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டது போலவே, பாதாளத்துக்குப் போயிருந்தது. வயிறு உப்பியது, மாதம் தள்ளியது, குளிர், தூக்கம், வயிற்று அமிலம் குறைந்தது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சுரப்பிதான் காரணமாம். கணக்கை மேலே ஏற்றச் சின்னச் சின்ன மாத்திரையாகக் கொடுத்தார், ஆயுசுக்கும் விழுங்க வேண்டுமாம். சில வாரங்களில் கம்பளி கொடிக்குப் போனது. அம்மா மறுபடி தயிருக்கு உறை ஊற்றினாள்.

ஒருநாள் வேலையிலிருந்து வருகிறேன். தெரு முனையிலேயே அவள் குரல் கேட்டது. கரகரப்பு இல்லாத, பழைய, முழு எண்ணூர்க் குரல். மீன்காரியோடு சண்டை. ஓடினேன். என்னைக் கண்டதும் மீன்காரியை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாகப் பேச முடியாமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விளக்கு வைக்கிற வரைக்கும் சொல்லித் தீர்த்தாள். அவ்வளவு ஆனந்தமாக நான் எப்போதும் திட்டு வாங்கியதில்லை.

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டேன். "அத்த உடு மே. அன்னிக்கு அந்தாளு இன்னா கேட்டாருன்னு நீ சிரிச்ச?"

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"'குளிருதா தங்கச்சி'ன்னு கேட்டாருய்யா. கேட்டுட்டு ஒரு போர்வ கொணாந்து போட்டாரு. நீங்கல்லாம் வெளிக்குப் போச்சா, போச்சான்னுதான கேட்டுகினு இருந்தீங்க? குளிருதான்னு ஒர்த்தராவது கேட்டீங்களா?"

அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் யாரென்று ரோசலி என்னைக் கேட்கவில்லை, தெரிவித்தாள். தேவராஜ் திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் வந்து, குழந்தையை ஏந்திக்கொண்டு கோயிலில் நின்றார். பக்கத்தில் நான் சிரித்த முகமாக நின்றேன். (மிஷின் ஒன்றும் அங்கே இல்லை.)

இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறார். படிய வாருவதற்குத் தலையில்தான் ஒன்றும் மிச்சமில்லை. ரோசலி முதல் தட்டை அவருக்குத்தான் வைப்பாள், மீன் குழம்பில் நடுத்துண்டும் அவருக்குத்தான். நான் என் தட்டிலிருக்கிற வால் துண்டைப் பார்ப்பேன். போன தடவை என் மருமகன், புதிதாக வந்தவன், விவரம் தெரியாதவன், "மாமா முகம் ஒரு மாதிரி கீதே, அத்தைக்குக் குடுக்கற மாத்திரைல ஒண்ணு குடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டான்.

ரோசலி கரண்டியை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"ஐய, வேணாம்ப்பா. அவுருக்கு ஏற்கெனவே ஏறித்தான் கீது."